பால் பல்லும் பஸ் கர்ச்சீப்பும்!

போன தை மாதம் என் மச்சினனுக்குக் கல்யாணம். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கலாம் என்று நைசாக நழுவிக்கொண்டிருந்தவனை, “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாரும் போட்டோவுக்கு வாங்க!” என்று மைக்கில் கூப்பிட்டு மடக்கிவிட்டார்கள்.

போட்டோகிராபர் எங்களை உயரவாரியாக அடுக்கினார். முன்வரிசையில் நின்ற என் எட்டரை வயசுப் பெண்ணைப் பார்த்து, “பாப்பா, நல்லா சிரிம்மா... பல்லு தெரியணும்!” என்றார்.

அதுவரை கலகலவென்று ஓடிக்கொண்டிருந்தவள், சட்டென்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். மனிதர் என்னென்னவோ சேஷ்டை செய்து பார்த்தார். ம்ஹூம். ஆல்பத்தில் இருபத்தி மூன்று பேர் பல்லைக் காட்டுகிறோம். அவள் மட்டும் வாயைப் பூட்டி வைத்திருக்கிறாள்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டேன். “என்ன கண்ணு, ஏன் சிரிக்கலை?”

“என் பல்லு நல்லால்லப்பா. க்ளாஸ்ல என்னை ‘முயல்குட்டி’ன்னு கூப்பிடறாங்க.”

முயல்குட்டியாவது பரவாயில்லை. ஏழாம் வகுப்பில் எனக்கு வைத்த பெயர் ‘தேங்காய்த் துருவி’! கூப்பிடும்போது நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிடுவேன். வீட்டில் யாரும் இல்லாதபோது கண்ணாடி முன்னால் நின்று, மேலுதட்டை இழுத்து இழுத்துப் பல்லை மூடிப் பார்ப்பேன். மீசை முளைத்த பிறகுதான் கொஞ்சம் நிம்மதி வந்தது. பாவம், என் பெண்ணுக்கு அந்த வசதியும் கிடையாது.

மறுவாரமே ஒரு குழந்தைகள் பல் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன்.

(கல்யாணம் ஆகாத வாசகர்களே... ‘இது அப்பாக்கள் மேட்டர்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கு இந்த விஷயமெல்லாம் பத்து வருஷம் முன்னாடி தெரிந்திருந்தால், இந்தக் கட்டுரையே எழுத வேண்டி வந்திருக்காது!)

டாக்டரம்மா என் பெண்ணை நாற்காலியில் சாய்த்து, குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். முன்பல்லைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் முன்பக்கத்தை லட்சியமே செய்யவில்லை. மேல்வரிசையின் கடைசிப் பக்கம் போய் நின்றுவிட்டார்.

“இங்கே ஒரு பால் பல் இல்லையே ஸார்... எப்ப எடுத்தீங்க?”

“ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டர். சொத்தை. ஆனா, நாங்க வந்தது இந்த முன்பல்லுக்கு...”

“முன்னாடி தெரியற பல்லை விட, பின்னாடி இல்லாத பல்லுதான் ஸார் எனக்குக் கவலையா இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

ஒரு பி.காம்.காரனின் கணக்கு

அப்போது அவளுக்கு ஆறரை வயசு. ஒரு ராத்திரி முழுக்க ‘பல்லு வலிக்குது’ என்று அழுதாள். காலையில் எங்கள் பேட்டையில் இருந்த ஒரு பல் டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ரொம்பத் தெளிவாகத்தான் சொன்னார். பல்லின் வேருக்கு வைத்தியம் செய்து, மேலே ஒரு கேப் போட்டுக் காப்பாற்றலாம். ஆறாயிரம் ரூபாய் ஆகும். இல்லையென்றால் பிடுங்கிவிடலாம். ஐந்நூறு ரூபாய். ஆனால், பிடுங்கினால் அந்த இடம் மூடிவிடாமல் இருக்க ஒரு கம்பி வளையம் போட வேண்டும். அது மூவாயிரம்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போட்டேன். எப்படியும் விழப்போகிற பல். அதற்கு ஆறாயிரத்தில் கேப்பா? இடித்துவிட்டுக் கட்டப்போகிற வீட்டுக்கு யாராவது பெயின்ட் அடிப்பார்களா? சரி, பிடுங்கியாயிற்று என்றால் வெறும் ஓட்டைக்கு எதற்கு மூவாயிரத்தில் வளையம்? ‘ஆஹா, பில்லை ஏத்தறார்டா!’ என்று என் உள்மனசு விசில் அடித்தது.

என் மனைவி மட்டும், “ஏங்க, அவர் சொல்றதை ஒரு தடவை யோசிச்சுப் பாருங்களேன்” என்றாள்.

“உனக்கு அக்கவுன்ட்ஸ் தெரியாது, சும்மா இரு” என்றேன்.

பிடுங்கியாயிற்று. ஐயாயிரத்து ஐந்நூறு மிச்சம் என்று அன்றைக்கு ராத்திரி ஹோட்டலில் பரோட்டா வேறு சாப்பிட்டேன்.

கர்ச்சீப் தத்துவம்

இந்தக் கதையை அசடு வழிந்துகொண்டே டாக்டரம்மாவிடம் ஒப்புவித்தேன். அவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“பஸ்ல ஜன்னல் வழியா கர்ச்சீப் போட்டு சீட் பிடிச்சிருக்கீங்களா?”

நல்ல கேள்வி! தீபாவளிக்கு முதல் நாள் திருச்சி பஸ்ஸில் கர்ச்சீப் என்ன, துண்டு, தினசரிப் பேப்பர், ஒரு தடவை செருப்பே போட்டு இடம் பிடித்த பரம்பரை நான்.

“ஏறி வர்றதுக்குள்ள அந்தக் கர்ச்சீப்பை யாராவது எடுத்துட்டா?”

“பக்கத்துல உட்கார்ந்திருக்கறவன் நகர்ந்துடுவான். நாம நின்னுக்கிட்டே போக வேண்டியதுதான்.”

“பால் பல்லுங்கறது அந்தக் கர்ச்சீப்தான் ஸார். உங்க பொண்ணோட கர்ச்சீப்பை நீங்க ஆறரை வயசுல எடுத்துட்டீங்க. அந்த சீட்டுக்கு வரவேண்டியவர் வர்றது பத்து, பதினொரு வயசுல. நடுவுல பக்கத்து சீட்காரர் சும்மா இருப்பாரா?”

எனக்கு அப்போதுதான் மண்டையில் பல்பு எரிந்தது. உங்களுக்கும் எரியட்டும் என்று அவர் சொன்னதை வரிசையாகச் சொல்கிறேன்.

பால் பற்கள் மொத்தம் 20. ஏறக்குறைய ஆறு மாதத்தில் முளைக்க ஆரம்பித்து, இரண்டரை, மூன்று வயசுக்குள் எல்லாம் வந்துவிடும். (என் பெண்ணுக்கு மேல் பல்தான் முதலில் முளைத்தது. ‘மாமனுக்கு ஆகாது’ என்று பாட்டி பயந்தாள். எட்டு வருஷம் கழித்து மாமனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இதைத்தான் பாட்டி சொன்னாளோ என்னவோ!)

இதில் முன்பற்கள்தான் ஆறு, ஏழு வயசில் ஆட ஆரம்பிக்கும். நாம் அதைப் பார்த்துவிட்டு ‘பால் பல் எல்லாமே ஆறு, ஏழு வயசில் விழுந்துவிடும்’ என்று நினைத்துக்கொள்கிறோம். தப்பு! பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் டியூட்டி பார்க்க வேண்டியவை. என் பெண்ணுடைய பல்லுக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ் பாக்கி இருந்தது. நான் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அதோடு போகவில்லை. ஆறு வயசு வாக்கில் எல்லாப் பால் பற்களுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, ஒரு புதுக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. இது நிரந்தரப் பல். ‘எதுவும் விழலையே, அப்போ இதுவும் பால் பல்தான்’ என்று நினைத்துப் பல பெற்றோர் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். வாய்க்குள் இதுதான் தூண். எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், மேல் தாடையும் கீழ்த் தாடையும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை 1899-ல் வகை பிரித்து எழுதியபோது, இந்தப் பல்லைத்தான் அளவுகோலாக வைத்தார். இன்றைக்கும் பல் சீரமைப்புக்காரர்கள் அந்த வகைகளைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

இந்தத் தூணுக்கு இயல்பாகவே முன்பக்கமாக நகரும் குணம் உண்டு. எதிரே பால் பல் இருந்தால் முட்டிக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் காலி சீட்டில் வந்து சாய்ந்துவிடும். அதுவும் பல்லைப் பிடுங்கிய முதல் ஆறு மாதத்தில்தான் இந்த நகர்வு அதிகம். அந்தக் கம்பி வளையம் இருக்கிறதே... ‘ஸ்பேஸ் மெயின்டெய்னர்’ என்று பெயர்... அது செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். ‘ஆள் வருது, நகராதே!’ என்று சீட்டுக்குக் காவல்!

பற்றாக்குறையும் உபரியும்

டாக்டரம்மா அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏனென்றால், அது சுத்தமான பட்ஜெட் விஷயம்.

புதிதாக முளைக்கும் முன்பற்கள், பழைய பால் முன்பற்களை விட அகலம். ஆக, வாயின் முன்பக்கத்தில் இடப் பற்றாக்குறை. ஆனால், பின்னால் பால் கடைவாய்ப் பற்கள் விழுந்து முளைக்கும் நிரந்தரப் பற்கள், பழையதை விட ஒடுக்கம். அங்கே கொஞ்சம் உபரி. பால் பற்களுக்கு நடுவிலுள்ள சந்துகள், தாடையின் வளர்ச்சி, இந்த உபரி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் உடம்பு தன் பட்ஜெட்டைச் சமன் செய்யப் பார்க்கிறது.

கடவுளோ இயற்கையோ, யாரோ ஒருவர் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். நடுவில் ஒரு பி.காம். புகுந்து உபரியைக் கொள்ளை அடித்துவிட்டான்.

எக்ஸ்ரேயில் பார்த்ததில், தூண் பல் இரண்டரை மில்லிமீட்டர் முன்னால் வந்திருந்தது. “இரண்டரை மில்லிமீட்டர்தானே டாக்டர்?” என்று கேட்டேன். “பல்லு என்ன ஸார், ஏக்கர் கணக்கிலயா இருக்கு? மொத்தமே ஏழு மில்லிமீட்டர் சீட்டு!” என்றார்.

சரி, அப்படியானால் முயல்குட்டிப் பல் எப்படி வந்தது? அதற்கும் இடிச்சபுளி மாதிரி நான்தான் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன்.

கட்டை விரல் கதை

என் பெண் ஏழு வயசு வரைக்கும் கட்டை விரல் சூப்பினாள். மூன்று வயசில் அதை நாங்கள் போட்டோ எடுத்து ஃப்ரேம் போட்டோம். ஐந்து வயசில் ‘வளர்ந்தா தானா விட்டுடுவா’ என்றோம். ஆறு வயசில் என் அம்மா வேப்பெண்ணெய் தடவினாள். குழந்தை எண்ணெய் காயும் வரை காத்திருந்து சூப்பக் கற்றுக்கொண்டதுதான் பலன்.

விரல் சூப்புவது சின்ன வயசில் ரொம்ப இயல்பான பழக்கம். பெரும்பாலான குழந்தைகள் இரண்டிலிருந்து நாலு வயசுக்குள் தாமாகவே விட்டுவிடுகின்றன. நாலு வயசுக்கு மேலும் தொடர்ந்தால்தான் உஷாராக வேண்டும். மேல் முன்பற்கள் வெளியே தள்ளும். மேலும் கீழும் கடித்தால் நடுவில் ஒரு ஜன்னல் திறந்திருக்கும். கன்னம் உள்ளே இழுபடுவதால் மேல் தாடை ஒடுங்கிப்போகும். எவ்வளவு பலமாகச் சூப்புகிறது என்பதை விட, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதுதான் முக்கியம். ராத்திரி முழுக்க வாயில் விரலோடு தூங்குகிற குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம்.

“திட்டாதீங்க, அடிக்காதீங்க, அடுத்தவங்க முன்னாடி கேலி பண்ணாதீங்க. பயந்தா இன்னும்தான் சூப்பும்” என்றார் டாக்டரம்மா. காலண்டரில் விரல் சூப்பாத நாளுக்கெல்லாம் ஒரு ஸ்டார் ஒட்டி, பத்து ஸ்டாருக்கு ஒரு பரிசு என்று வைத்தால் பல குழந்தைகள் விட்டுவிடுமாம். ஆறு வயசுக்கு மேலும் விடாவிட்டால், பழக்கத்தை நிறுத்த வாய்க்குள் பொருத்தும் சாதனம் இருக்கிறது. நிரந்தர முன்பற்கள் முழுசாக வெளியே வருவதற்குள் நிறுத்திவிட்டால், ஜன்னல் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

என் பெண் விஷயத்தில் என் ‘தேங்காய்த் துருவி’ ஜாதகமும் சேர்ந்துகொண்டது. பல்லும் தாடையும் ஓரளவுக்குப் பரம்பரைச் சொத்து. அதைத் தடுக்க முடியாது. ஆனால், பரம்பரைக் கடனுக்கு மேல் புதுக்கடன் வாங்காமல் இருக்கலாம், இல்லையா?

குறட்டை அழகில்லை

என் மூன்று வயசுப் பையனையும் கூட அழைத்துப் போயிருந்தேன். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனையும் டாக்டரம்மா விடவில்லை.

“ராத்திரி வாயைத் திறந்துட்டுத் தூங்கறானா?”

“ஆமா டாக்டர். குட்டியா குறட்டை கூட விடுவான். கேட்கவே தமாஷா இருக்கும்!”

“தமாஷ் இல்லை ஸார். மூக்கு டாக்டர்கிட்ட காட்டுங்க.”

மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்று ஒரு சதை. அது வீங்கினாலோ, டான்சில் பெரிதானாலோ, ஓயாத அலர்ஜியால் மூக்கு அடைத்திருந்தாலோ குழந்தை வாயால் மூச்சு விடும். வாய் திறந்தே இருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். மேல் தாடைக்கு உள்பக்கமிருந்து முட்டுக்கொடுப்பது நாக்குதான். முட்டு போனால் தாடை ஒடுங்கிப்போகலாம்.

எகில் ஹார்வோல்ட் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இளம் குரங்குகளின் மூக்கை அடைத்து வைத்துப் பார்த்து, அவற்றின் பல் வரிசை கலைந்துபோனதை 1981-ல் எழுதினார்கள். குரங்குக்கு நடந்தது அப்படியே நம் பிள்ளைகளுக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. (சில பிள்ளைகளைப் பார்த்தால் சொல்லலாம் போலத்தான் இருக்கிறது!) ஆனால், குழந்தையின் தினசரிக் குறட்டையை ரசிக்காமல் டாக்டரிடம் காட்டவேண்டும் என்பதில் சந்தேகமில்லை. தூக்கம் கெடுவதால் படிப்பு, சுபாவம் எல்லாமே பாதிக்கப்படலாம்.

பாட்டிலும் முறுக்கும்

பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிடுவது சொத்தைக்குச் சிவப்புக் கம்பளம். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைவு. பாலின் சர்க்கரை பல்லிலேயே ஊறிக் கிடக்கும். சொத்தை வந்தால் பல் போகும், பல் போனால் இடம் போகும். ஆக, பல் வரிசையைக் காப்பாற்றும் வேலை க்ளிப்பில் ஆரம்பிப்பதில்லை, ராத்திரி பிரஷ்ஷில் ஆரம்பிக்கிறது. தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்குப் பல் வரிசைக் கோளாறு குறைவாக இருப்பதாக, ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2016-ல் வெளியிட்ட தாய்ப்பால் பற்றிய கட்டுரைத் தொடரும் சொல்கிறது.

இன்னொரு சந்தேகம் கேட்டேன். “அந்தக் காலத்துல இவ்வளவு பேருக்கு க்ளிப் தேவைப்படலையே டாக்டர்?”

ராபர்ட் கொருச்சினி என்ற அமெரிக்க மானுடவியல் ஆராய்ச்சியாளர் சண்டிகர் பக்கம் வந்து, கிராமத்து இளைஞர்களின் பல்லையும் நகரத்து இளைஞர்களின் பல்லையும் ஒப்பிட்டு 1983-ல் எழுதியிருக்கிறார். வரிசை கலைந்த பல் நகரத்தில்தான் அதிகம். மெத்தென்ற சாப்பாடு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர் கட்சி. அது மட்டுமே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும், நாலு வயசுப் பையனுக்குச் சாதத்தைக் கூட மிக்ஸியில் அடித்து ஊட்டுகிற வீடுகளுக்கு இது ஒரு குட்டு. கேரட், கொய்யா, கரும்பு, முறுக்கு என்று கடித்துத் தின்னட்டும். (முழு வேர்க்கடலை மட்டும் நாலு வயசுக்குக் கீழே வேண்டாம். புரையேறும்.)

பயப்பட வேண்டாதவை மூன்று

எல்லாவற்றுக்கும் பதறவும் கூடாது. இந்த மூன்றையும் பார்த்துப் பயந்து காசைக் கொட்டாதீர்கள்.

ஒன்று: பால் பற்களுக்கு நடுவே சந்து. ‘ஐயோ, ஓட்டைப் பல்’ என்று கவலைப்படுகிறோம். அது ஓட்டை இல்லை, சேமிப்பு! சந்தே இல்லாமல் பால் பல் நெருக்கமாக அழகாக இருக்கிற குழந்தைக்குத்தான் பின்னால் இடம் பத்தாமல் போக வாய்ப்பு அதிகம்.

இரண்டு: ஆறு, ஏழு வயசில் கீழ்ப் பால் பல்லுக்குப் பின்னால் இரண்டாவது வரிசையாகப் புதுப்பல் எட்டிப் பார்ப்பது. பால் பல் ஆடிக்கொண்டிருந்தால் ஆட்டிவிட்டுக்கொண்டே இருக்கட்டும். அது விழுந்ததும், நாக்கே புதுப்பல்லை முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆடவே இல்லை என்றால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று: ஏழிலிருந்து பன்னிரண்டு வயசுக்குள் மேல் முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்து, நடுவில் சந்தோடு இருப்பது. பல் டாக்டர்களே இதற்கு ‘அசிங்க வாத்துக்குஞ்சுப் பருவம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே இருந்து இறங்கி வரும் கோரைப்பற்கள் வேரை அழுத்துவதால் வருவது இது. அவை முழுசாக இறங்கியதும் பெரும்பாலும் தானாகவே சேர்ந்துகொள்ளும். வாத்துக்குஞ்சு அன்னமாகும் வரை கொஞ்சம் பொறுமை!

ஃப்ரிட்ஜில் ஒட்ட ஒரு துண்டுச்சீட்டு

முதல் பல் முளைத்ததும்: அன்றிலிருந்தே பிரஷ். மூன்று வயசு வரை ஒரு அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், அதற்கப்புறம் ஆறு வயசு வரை ஒரு பட்டாணி அளவு. காலை, ராத்திரி இரண்டு வேளையும். ஏழெட்டு வயசு வரை பிரஷ் நம் கையில்தான் இருக்க வேண்டும்.

ஒரு வயசு: பல் டாக்டரிடம் முதல் விசிட். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நாலு வயசு: விரல், ரப்பர் நிப்பிள் பழக்கத்துக்கு விடை கொடுக்கும் வேளை.

ஆறு வயசு: கடைசியில் முளைக்கும் தூண் பல்லைத் தேடிப் பாருங்கள். அதன் பள்ளங்களில் சொத்தை விழாமல் ஒரு பூச்சுப் பூசலாம். டாக்டரிடம் கேளுங்கள்.

ஏழு வயசு: பல் சீரமைப்பு நிபுணரிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் சொல்லும் வயசும் இதுதான். எல்லோருக்கும் அப்போதே க்ளிப் மாட்டிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். பல பேரை, ‘ஒரு வருஷம் கழிச்சு வாங்க’ என்றுதான் அனுப்பி வைப்பார்கள். ஆனால், மேல் பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு கடிப்பது போன்ற சில கோளாறுகளை அப்போதே சரி செய்வது சுலபம்.

‘பணத்துக்கு எங்கே போவது?’ என்கிறவர்களுக்கு: அரசு பல் மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னைக் கோட்டை ரயில் நிலையம் எதிரில், 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பல் மருத்துவத்துக்கும் பல் சீரமைப்புக்கும் தனித்தனிப் பிரிவுகளே உண்டு.

இருபது இருக்கா?

என் பெண்ணுக்கு இப்போது மேல் வாயில் ஒரு ப்ளேட். அதில் ஒரு குட்டி ஸ்க்ரூ. டாக்டரம்மா சொன்ன நாளில் நான் ஒரு சின்னச் சாவியால் ஒரு திருப்புத் திருப்ப வேண்டும். அந்தத் தூண் பல் மெள்ள மெள்ளப் பின்னால் போகிறது. முழுசாகப் போகுமா என்பது போகப்போகத்தான் தெரியும். எப்படியும் பன்னிரண்டு வயசு வாக்கில் முன்பல்லுக்கு க்ளிப் உண்டு. மிச்சம் பிடித்த ஐயாயிரத்து ஐந்நூறு எப்போதோ வட்டியோடு கரைந்துவிட்டது. பரோட்டா பில்லை இதில் சேர்க்கவில்லை.

போன வாரம் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள். “அப்பா, உன் பல்லை ஏன் தாத்தா சரி பண்ணலை?”

“தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாதும்மா. அவருக்கு யாரும் சொல்லலை.”

“உனக்கு யாராவது சொன்னாங்களா?”

நான் பதில் சொல்வதற்குள், வாயில் சாவியோடு இருக்கும் அப்பாவின் கையைத் தட்டிவிட்டு ஓடிவிட்டாள். நல்லவேளை. ஓடாமல் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம். இப்போதெல்லாம் ராத்திரி பையனுக்குப் பல் தேய்த்துவிடும்போது அவளும் பாத்ரூம் வாசலில் வந்து நின்றுகொள்கிறாள். தேய்த்து முடித்ததும் அவன் தாடையைப் பிடித்து, மொபைல் டார்ச் அடித்து, ஆடிட்டர் ஸ்டாக் எடுக்கிற மாதிரி எண்ணுகிறாள்.

“மேலே பத்து... கீழே பத்து... இருபதும் இருக்குப்பா!”

அப்படிச் சொல்லும்போது அவளுக்கே தெரியாமல் சிரித்துவிடுகிறாள். எல்லாப் பல்லும் தெரிகிறது.